மதிப்பெண் எந்த நோட்டுக்கு?

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பள்ளிகளில் செய்முறைத் தேர்வு நெருங்கினால் மாணவர்களின் கவலையெல்லாம் ரெக்கார்டு நோட்டை முடிப்பதில்தான். அந்தக் கவலைக்குக் காரணம் உண்டு. மாநிலப் பாடத்திட்டத்தில் பத்தாம் வகுப்பு அறிவியலின் 100 மதிப்பெண்ணில் 25 செய்முறைக்கு. சி.பி.எஸ்.இ. பன்னிரண்டாம் வகுப்பு இயற்பியலில் செய்முறைக்கான 30 மதிப்பெண்ணில் ரெக்கார்டுக்கு மட்டும் 5.

ரெக்கார்டு எழுதுவது வீண்வேலை அல்ல. நோக்கம், கருவிகள், சூத்திரம், அட்டவணை, முடிவு என்ற வரிசை சிந்தனைக்கு ஒழுங்கு தருகிறது. உப்புப் பகுப்பாய்வில் பழுப்பு வளையம் தோன்றியதை ஒரு கட்டத்திலும், நைட்ரேட் இருப்பதை அடுத்த கட்டத்திலும் எழுதும் மாணவி, கண்டது வேறு, அதிலிருந்து அறிந்தது வேறு என்று பிரித்துப் பார்க்கப் பழகுகிறாள். அறிவியலின் அடித்தளமே அந்தப் பழக்கம்தான்.

ஆனால், ஆய்வகத்தில் கிறுக்கிய அளவீடுகள் அப்சர்வேஷன் நோட்டோடு நின்றுவிடுகின்றன. திருத்தி, அழகாக்கி, படம் வரைந்த நகலுக்கே மதிப்பு. செய்யாத சோதனைக்கும் அந்த நகலை எழுதிவிடலாம். செய்த சோதனையிலோ பிழை மறைந்துபோகிறது.

தனி ஊசலை எடுத்துக்கொள்வோம். நூலின் நீளம் 50 செ.மீ., குண்டின் ஆரம் 1 செ.மீ. ஆரத்தைச் சேர்க்க மறந்தால் புவியீர்ப்பு முடுக்கம் 9.8க்குப் பதில் 9.6 என்று வரும். எங்கே தவறினோம் என்பதை அந்த 9.6 காட்டிக்கொடுக்கும். ரெக்கார்டில் 9.8 என்று மாற்றி எழுதியதும், கற்க வேண்டிய பாடம் அழிந்துவிடுகிறது.

இந்தப் பிள்ளைகளில் பலர் நாளை அம்பத்தூர் தொழிற்பேட்டையில் மைக்ரோமீட்டர் பிடிக்கப்போகிறவர்கள். வரவேண்டிய அளவை வந்த அளவாக எழுதும் பழக்கம் அங்கே பழுதான பாகத்தை வெளியே அனுப்பிவிடும். ஆராய்ச்சிக்கும் இது பொருந்தும். வத்திராயிருப்பில் பிறந்து, ராமனுடன் ஆய்வு செய்த இயற்பியலாளர் கே.எஸ். கிருஷ்ணன் 1928 பிப்ரவரியில் எழுதிய நாட்குறிப்பு, ராமன் விளைவு கண்டறியப்பட்ட நாட்களுக்கு இன்றும் சான்றாக நிற்கிறது. அன்றன்றைக்கு எழுதியதால்தான் அதற்கு அந்த மதிப்பு.

ஆகவே ரெக்கார்டை ஒழிக்க வேண்டாம்; சுருக்கினால் போதும். பாடநூலில் உள்ள செய்முறையை மறுபடி நகலெடுக்கத் தேவையில்லை. அப்சர்வேஷன் நோட்டில் ஆசிரியர் அன்றே கையெழுத்திடட்டும். அடித்துத் திருத்திய எண்களும் அதில் இருக்கட்டும். ரெக்கார்டில் அளவீடும், கணக்கீடும், விடை ஏன் விலகியது என்று ஒரு பத்தியும் இருந்தால் போதும். ஒரு வகுப்பின் நோட்டுகள் அனைத்தையும் திருத்தும் ஆசிரியருக்கு இது கூடுதல் சுமை என்பார்கள். பக்கங்கள் குறைவதால் சுமையும் குறையும்.

9.6 என்று எழுதிக் காரணமும் சொல்லும் மாணவருக்கு, காரணமின்றி 9.8 எழுதியவரைவிட அதிக மதிப்பெண் கிடைக்க வேண்டும். இந்த ஒரு மாற்றம் வந்தால், மாணவர்கள் தாங்களாகவே நேர்மையாக எழுதத் தொடங்குவார்கள்.