உயிரியல் மாணவரும் பௌதிகவியலும்: ஒரு மதிப்பீடு

மருத்துவத்தையோ உயிரியலையோ பயில விழையும் மாணவருட் பலர் பௌதிகவியலைத் தமக்குரிய கல்வியாகக் கொள்வதில்லை. தாம் செல்லும் வழியிற் குறுக்கே நிற்கும் ஒரு தடையாகவே கொள்கின்றனர். இவ்வெண்ணம் மாணவரின் சோம்பலாற் பிறந்ததன்று. பௌதிகம் அவர்க்குப் புகட்டப்படும் முறையாற் பிறந்தது. அம்முறையைத் திருத்த எழுந்த முயற்சியொன்றன் நிறை குறைகளை ஈண்டு நோக்குவாம்.

பௌதிகமும் உயிரியலும் தொடக்கத்தில் ஒன்றற்கொன்று அயலானவை அல்ல. ஒடுங்கிய குழாயினூடு திரவம் பாயும் விதியை 1840 ஆம் ஆண்டளவிற் கண்ட புவசே ஒரு மருத்துவர். அவர் அறிய அவாவியது குருதியோட்டத்தையே. 1855 இற் பரவல் விதியை வகுத்த பிக் என்பார் ஓர் உடற்றொழிலியலாளர். கப்பல் மருத்துவராகிய மேயர் 1840 இல் யாவாத் தீவில் மாலுமிகளின் நாளக்குருதி வழக்கத்தினும் சிவந்திருக்கக் கண்டார். சத்திக்காப்பைப் பற்றிய அவரது சிந்தனை அங்கேதான் முளைத்தது. பாடநூல்கள் இவ்விதிகளைப் போற்றி வைத்தன. அவற்றை ஈன்ற வினாக்களையோ மறந்துவிட்டன.

ஐக்கிய அமெரிக்காவின் தேசிய ஆராய்ச்சிக் கழகம் 2003 இல் வெளியிட்ட அறிக்கை, உயிரியல் மாணவர்தம் கல்வியிற் பௌதிகமும் கணிதமும் ஆழமாக இணைதல் வேண்டுமென வற்புறுத்திற்று. பின்னர் மேரிலாந்துப் பல்கலைக்கழகத்தில் எட்வேட் இரெடிசு என்பாரும் அவர்தங் குழுவினரும், உயிரியலறிஞரோடும் இரசாயனவறிஞரோடும் கூடிப் புதியதொரு பாடத்தை அமைத்து, அதனை 2014 இல் ஒரு கட்டுரையால் விளக்கினர். எறியம், சாய்தளம், அகில ஈர்ப்பு முதலியன அதிற் சுருங்கின; பரவல், பாயிகள், இரசாயனச் சத்தி, எந்திரோப்பி முதலியன விரிந்தன.

இம்மாற்றத்தின் தகுதியை இரண்டு எடுத்துக்காட்டுக்களால் அறியலாம். நீரிலே ஒட்சிசன் மூலக்கூறு மில்லிமீற்றரின் நூறிலொரு பங்கைப் பரவலாற் கடக்கச் செக்கனின் நாற்பதிலொரு பங்களவு காலம் போதும். ஒரு சதமமீற்றரைக் கடக்கவோ ஏறத்தாழ ஏழு மணித்தியாலம் வேண்டும். தூரம் ஆயிரம் மடங்காகக் காலம் பத்து இலட்சம் மடங்காகின்றது. தனிக்கலம் இதயமின்றி வாழ்வதும், யானை அங்ஙனம் வாழவியலாமையும் ஏனென்பதற்கு இவ்வொரு கணக்கே விடையாம்.

இரண்டாவது எடுத்துக்காட்டு ஏ.ரீ.பி. பற்றியது. அதன் பிணைப்பு உடையுங்காற் சத்தி வெளிப்படும் என உயிரியல் வகுப்பிற் கேட்ட மாணவன், எப்பிணைப்பையும் உடைக்கச் சத்தி செலவாகும் எனப் பௌதிக வகுப்பிற் கேட்கின்றான். இரண்டையும் மனனஞ்செய்து இரு பரீட்சைகளிலும் அவன் தேறலாம். ஆயினும் அவன் அறிந்தது யாது? நீர்ப்பகுப்பின்போது உடையும் பிணைப்புக்கள் கொள்ளும் சத்தியினும், புதிதாக உருவாகும் பிணைப்புக்கள் தரும் சத்தி மிகுதி என்பதை ஒரே வகுப்பில் வைத்து விளக்கும்போதே முரண் நீங்குகின்றது. இதுவே சீர்திருத்தத்தின் உயிர்நிலை.

இனிக் குறைகளை நோக்குவாம். அகில ஈர்ப்பைச் சுருக்கியது எமக்கு உடன்பாடன்று. மரத்தினின்று வீழும் கனியையும் வானிற் சுழலும் மதியையும் ஒரே விதி ஆளுகின்றது என்பதே பௌதிகத்தின் பெருமிதம். அதனைச் சுவையாத மாணவன் பௌதிகத்தை ஒரு கருவிப்பெட்டியாக மட்டுமே காண்பான். பயன் ஒன்றே அளவுகோலாயின், கல்வி தொழிற்பயிற்சியாகக் குறுகிவிடும்.

இதனினும் பெரிய இடர், இம்முறையை மேலோட்டமாகப் பின்பற்றுவோரால் விளைவது. பழைய வினாவில் ‘நீர்’ என்பதைக் ‘குருதி’ எனவும், ‘குழாய்’ என்பதை ‘நாடி’ எனவும் மாற்றிவிட்டால் அது உயிரியற் பௌதிகமாகிவிடாது; அது வேடப்புனைவேயாம். புவசேயின் சூத்திரம் விறைப்பான குழாயையும், மாறாப் பிசுக்குமையையும், சீரான ஓட்டத்தையும் கருதுகோளாகக் கொண்டது. நாடியோ மீள்தன்மையுடையது, குருதியின் பிசுக்குமை ஓட்டத்தோடு மாறுவது, இதயமோ விட்டுவிட்டுத் துடிப்பது. ஆரை பாதியானால் ஓட்டம் பதினாறிலொன்றாகும் எனக் கணித்துக் காட்டுவதோடு நின்றுவிடாது, அவ்விடை எவ்வளவிற்கு நம்பத்தக்கது எனவும் மாணவனை வினவுதல் வேண்டும்.

இவ்வாராய்ச்சி நமக்கு ஏன் எனின், நம் நாட்டிற் க. பொ. த. உயர்தரப் பரீட்சையிலே பௌதிகவியல் பயிலும் உயிரியற் பிரிவினரும் கணிதப் பிரிவினரும் ஒரே வினாத்தாளுக்கே விடையெழுதுகின்றனர். கணிதப் பிரிவினர்க்குக் கைகொடுக்கும் இணைந்த கணிதம் உயிரியற் பிரிவினர்க்கு இல்லை. இதனாற் சூத்திரத்தைப் பொருளறியாது நெட்டுருச் செய்யும் வழக்கம் அவர்களிடையே வேரூன்றுகின்றது. அவர்க்கென எளிய வினாத்தாளொன்றை வகுத்தல் பரிகாரமாகாது; அஃது இரண்டாந்தரப் பௌதிகத்தையே தோற்றுவிக்கும். பொதுவினாத்தாள் பொதுவாகவே இருக்கட்டும். ஆனால் ஒரு விதி எங்கே பொருந்தும், எங்கே பொருந்தாது என வினவும் வினாக்கள் அதில் இடம்பெறல் வேண்டும். அவ்வினாக்கள் இரு பிரிவினர்க்கும் நன்மை தருவன. வினாத்தாள் மாறாதவரை வகுப்பறை மாறாது என்பதை ஆசிரியர் அனைவரும் அறிவர். ஆதலின் சீர்திருத்தத்தைத் தொடங்க வேண்டிய இடமும் அதுவேயாம்.