ஜன்னல் துடைக்கும் கரோலின்

'அமெரிக்கன் பியூட்டி' படத்தைப் போன வாரம் மூன்றாவது தடவையாகப் பார்த்தேன். 1999-ல் வந்தது. சாம் மெண்டிஸ் டைரக்‌ஷன், சிறந்த படம் உட்பட ஐந்து ஆஸ்கர். இதைப் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லாரும் ரோஜா இதழ்களையும் காற்றில் சுற்றுகிற அந்த பிளாஸ்டிக் பையையும்தான் சிலாகிப்பார்கள். எனக்கு என்னவோ இந்தத் தடவையும் மனசில் நின்றது ஜன்னல் துடைக்கிற காட்சிதான்.

கதாநாயகனின் மனைவி கரோலின் (ஆனெட் பெனிங்) வீட்டு புரோக்கர். அங்கே ரியல் எஸ்டேட் ஏஜென்ட் என்று மரியாதையாகச் சொல்லவேண்டும். பரீட்சை எழுதி லைசென்ஸ் வாங்கியவர்கள். விற்கவேண்டிய ஒரு வீட்டுக்கு வருகிறாள். போட்டிருந்த நல்ல உடுப்பைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளாடையோடு ஜன்னலைத் துடைக்கிறாள், கார்ப்பெட்டை வாக்யூம் செய்கிறாள். இன்றைக்கு இதை விற்றே தீருவேன் என்று மந்திரம் மாதிரி ஜபிக்கிறாள். அப்புறம் உடுத்திக்கொண்டு, சிரிப்பையும் மாட்டிக்கொண்டு கதவைத் திறக்கிறாள். வருகிறவர்கள் முகத்தில் ஈயாடவில்லை. நீச்சல் குளம் விளம்பரத்தில் சொன்ன மாதிரி இல்லையே என்கிறார்கள். எல்லாரும் போன பிறகு கரோலின் ஒற்றையாக நின்று அழுகிறாள். அழுததற்காகத் தன் கன்னத்தில் தானே அறைந்துகொள்கிறாள்.

தியேட்டரில் இந்த இடத்தில் சிரித்தார்கள். படமும் சிரிக்கத்தான் சொல்கிறது. பணத்தாசை பிடித்தவள், வெற்றி வெறி பிடித்தவள், ஒரு கார்ட்டூன். எனக்கு இதில் ஒரு குறை உண்டு. அந்த வீட்டுக்குச் சொந்தக்காரர் எங்கே? ஒரு பிரேமில்கூட வருவதில்லை. ஜன்னல் அழுக்கு அவருடையது, குளம் அவருடையது. அவரிடம் "ஐயா, உங்கள் வீடு இந்த லட்சணத்தில் இருந்தால் விற்காது, ஆள் வைத்துச் சரிபண்ணுங்கள்" என்று ஒரு வார்த்தை சொல்லாமல், இவள் ஏன் ஸ்பாஞ்சைத் தூக்கிக்கொண்டு கிளம்பினாள்? படம் இதைக் கேட்பதில்லை. கேட்டிருந்தால் கார்ட்டூன் மனுஷியாகியிருப்பாள்.

இந்தக் கேள்விக்கு விடை எனக்கு 2009-ல் நியூஜெர்ஸி எடிசனில் கிடைத்தது. அதற்கு முன்னால் ஒரு சின்ன சரித்திரம்.

வீட்டை விற்பதற்கு முன்னால் தட்டுமுட்டுச் சாமான்களை ஒழித்து, பெயின்ட் அடித்து, வாடகை சோபா போட்டு, பூ ஜாடி வைத்து, பெண் பார்க்க வருகிறவர்களுக்கு முன் நிறுத்துகிற மாதிரி நிறுத்துவதற்கு 'ஹோம் ஸ்டேஜிங்' என்று பெயர். இதைத் தொழிலாக ஆரம்பித்து வைத்தவர் என்று பார்ப் ஷ்வார்ட்ஸ் என்ற பெண்மணியைச் சொல்கிறார்கள். 1972-ல், சியாட்டில் பக்கம். அவரே ஏஜென்ட்தான். உங்கள் வீடு குப்பையாக இருக்கிறது என்று நேரே சொன்னால் கோபித்துக்கொள்கிறார்கள். "நாடகத்துக்கு மேடை அமைக்கிற மாதிரி வீட்டை அமைப்போம்" என்றால் கேட்டுக்கொள்கிறார்கள். அந்தச் சொல்லே ஏஜென்ட்டின் சங்கடத்துக்கு மருந்தாகப் பிறந்ததுதான். ஐம்பது வருஷத்துக்கு மேல் ஆகியும் சங்கடம் முழுசாகத் தீரவில்லை என்பதுதான் விஷயம்.

எடிசனில் என் அண்ணன் மகன் வீடு. டல்லாஸில் வேறு வேலை கிடைத்து, வீட்டை விற்கவேண்டிய கட்டாயம். அமெரிக்காவில் வீட்டு விலைகள் சரிந்து கிடந்த வருஷம், கேட்கவேண்டுமா? நான் போயிருந்தபோது தூக்கம் வராத ராத்திரிகளில் 'செல் திஸ் ஹவுஸ்' என்று ஒரு டி.வி. நிகழ்ச்சி பார்ப்பேன். 2003-ல் ஆரம்பித்தது. விற்காத வீடு ஒன்றை எடுத்துக்கொண்டு, பார்க்க வருகிறவர்கள் என்ன பேசுகிறார்கள் என்பதை ஒளித்து வைத்த கேமராவில் பிடிப்பார்கள். "நாய் நாற்றம்", "சகிக்காத வால்பேப்பர்", "இந்த நிறத்தில் யார் பெயின்ட் அடிப்பார்கள்?" அதையெல்லாம் வீட்டுக்காரர்களுக்கே போட்டுக் காட்டுவார்கள். அவர்கள் முகம் தொங்கும். அப்புறம் நிபுணர் வந்து மிகக் குறைந்த செலவில் வீட்டையே மாற்றுவார். மறுபடி கதவு திறக்கும், வருகிறவர்கள் வாயைப் பிளப்பார்கள். சுபம்.

ரசித்துத்தான் பார்த்தேன். ஆனால் யோசித்தால், இந்த ஷோவின் உயிர் பெயின்ட்டில் இல்லை, அந்த ஒளித்து வைத்த கேமராவில் இருக்கிறது. ஏஜென்ட் சொல்லவேண்டிய, சொல்ல முடியாத வார்த்தையை முன்பின் தெரியாதவர்கள் சொல்லிவிட்டுப் போகிறார்கள். திட்டு யாரையோ சேர்கிறது. இதே ரகத்தில் 2004 முதல் 'டிஸைன்ட் டு செல்' என்று இன்னொன்றும் வந்தது. இரண்டாயிரம் டாலருக்குள் எல்லாம் முடித்துவிடுவார்கள். அத்தனை ஆட்களுக்குக் கூலி யார் கொடுத்தார்கள் என்று மட்டும் கேட்கக்கூடாது.

நிஜத்தில் கேமரா கிடையாது. அண்ணன் மகன் மூன்று ஏஜென்ட்களைக் கூப்பிட்டுப் பேசியிருந்தான். முதல் ஆள் வந்து, "அழகான வீடு" என்றார். இரண்டாவது அம்மாள், "அருமையான வீடு" என்றதோடு விலையையும் கொஞ்சம் ஏற்றிச் சொன்னார். மூன்றாவதாக வந்த பெண் ஒரு தாள் நிறைய எழுதிக்கொடுத்துவிட்டுப் போனாளாம். ஹாலில் சாமான் பாதிக்கு மேல் போகவேண்டும், சமையலறைக்குப் பெயின்ட், தாளிப்பு வாசனைக்கு வழி, பேஸ்மென்ட்டில் கட்டி வைத்த ரிப்பேர் சாமான்களுக்கு ஸ்டோரேஜ், ஒரு ஸ்டேஜிங் ஆளின் போன் நம்பர், எஸ்டிமேட் 2,800 டாலர்.

"ரொம்பத் திமிரு சித்தப்பா. நம்ம வீட்டுக்கு வந்து நமக்கே லிஸ்ட் போடுறா. அந்த ஸ்டேஜிங்காரிகிட்ட கமிஷன் இருக்கும்" என்றான். வேலையை இரண்டாவது அம்மாளுக்குக் கொடுத்தான்.

ஏழு வாரம் ஆயிற்று. ஞாயிற்றுக்கிழமை ஓபன் ஹவுஸுக்கு ஆள் வருகிறது, சுற்றுகிறது, போகிறது. ஒரு ஞாயிறு, இவர்கள் குழந்தைகளோடு வெளியே போய்விட, நான் மட்டும் பின்பக்கம் டெக்கில் உட்கார்ந்திருந்தேன். வந்தவர்கள் போனபின் அந்த அம்மாள் காபிக் கோப்பையோடு பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். ஐம்பது வயசுக்கு மேலிருக்கும். கேட்டேவிட்டேன். மூன்றாவதாக வந்தவள் எழுதிக்கொடுத்ததெல்லாம் சரியா, தப்பா?

"எல்லாமே சரி" என்றார். "அதனாலதான் லிஸ்டிங் எனக்குக் கிடைச்சுது."

நாம் ஒரு மணி நேரம் பேசினோம். பேசினோம் என்ன, அவர் பேசினார். "வீட்டைக் குறை சொன்னா வீட்டுக்காரங்க வீட்டைச் சொன்னதா எடுத்துக்கமாட்டாங்க. அவங்களைச் சொன்னதா எடுத்துப்பாங்க. என் கையில லிஸ்டிங் வர்றதுக்கு முன்னால சொன்னா வேலை போச்சு. வந்ததுக்கு அப்புறம் சொன்னா, இதை ஏன் முதல்லயே சொல்லலைம்பாங்க. சரின்னு அவங்க ரெண்டாயிரம் மூவாயிரம் செலவழிச்சு, அப்பவும் விக்கலைன்னா? அந்தப் பணத்துக்கு நான் ஜவாப்தாரி. விலையைக் குறைங்கன்னு சொல்றது சுலபம். அதுக்கு மார்க்கெட்டைக் கைகாட்டலாம். வாசனைக்கு யாரைக் கைகாட்டறது?"

அந்தக் கடைசி வரியைக் கேட்டுவிட்டு நான் கொஞ்ச நேரம் சும்மா இருந்தேன்.

இதை எழுதும்போது 'ஃப்ரீக்கனாமிக்ஸ்' நினைவுக்கு வருகிறது. 2005-ல் லெவிட்டும் டப்னரும் எழுதி சக்கைப்போடு போட்ட புத்தகம். சிகாகோ பக்கம் ஏறக்குறைய ஒரு லட்சம் வீட்டு விற்பனைகளை அலசிய லெவிட், ஏஜென்ட்கள் சொந்த வீட்டை விற்கும்போது சுமார் பத்து நாள் கூடுதலாகப் பொறுத்திருந்து, மூன்று சதவிகிதம் போல அதிக விலை வாங்குகிறார்கள் என்று போட்டு உடைத்தார். காரணம் கணக்கு. வீடு பத்தாயிரம் டாலர் கூடுதலாக விற்றால் அப்போதைய ஆறு சதவிகித வழக்கப்படி கமிஷன் 600. வாங்குகிறவர் தரப்பு ஏஜென்ட்டுக்குப் பாதி போக 300. கம்பெனிக்குப் பாதி போக இவர் பையில் 150. அதற்காக யார் காத்திருப்பார்கள்? சீக்கிரம் தள்ளிவிடுவதே லாபம். (இந்தப் பங்கு கணக்கு இப்போது ஆட்டம் கண்டிருக்கிறது. வழக்குகளின் விளைவாக அவர்களுடைய தேசிய சங்கம் 2024-ல் 418 மில்லியன் டாலர் தர ஒப்புக்கொண்டு, விதிகளையும் மாற்றிக்கொண்டது.)

புத்திசாலித்தனமான புத்தகம்தான். ஆனால் எடிசன் டெக்கில் உட்கார்ந்து பார்த்தால் கணக்கு இடிக்கிறது. ஏஜென்ட்டுக்கு வேண்டியது சீக்கிர விற்பனை என்றால், ஸ்டேஜிங் கொடுக்கிற வாக்குறுதியும் அதுவேதான். செலவோ பெரும்பாலும் வீட்டுக்காரருடையது. பணம் ஒன்றுதான் காரணம் என்றால் ஒவ்வொரு ஏஜென்ட்டும் பையில் ஸ்டேஜிங் நோட்டீஸ் வைத்துக்கொண்டு அலையவேண்டும். அலைவதில்லை. அதே சங்கம் எடுக்கிற சர்வேக்களில் ஐந்தில் நான்கு ஏஜென்ட்கள், அலங்கரித்த வீட்டில் தாங்கள் வாழ்வதைக் கற்பனை பண்ணிப் பார்ப்பது வாங்குகிறவர்களுக்குச் சுலபம் என்கிறார்கள். அவர்களே விற்கிற தரப்பில் நிற்கும்போது ஏறக்குறைய பாதிப் பேர், ஸ்டேஜிங் பண்ணாமல், சாமானை ஒழியுங்கள், ரிப்பேரைப் பாருங்கள் என்பதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். நம்பிக்கை இருக்கிறது, வாய் வரவில்லை. முகத்துக்கு நேரே சொல்வதன் விலையை லெவிட்டின் கணக்கில் நான் பார்க்கவில்லை.

ஏஜென்ட் பக்கமும் நியாயம் உண்டு. ஸ்டேஜிங்கால் விலை ஏறும் என்று அடித்துச் சொல்ல ஆதாரம் பலமாக இல்லை. மேற்படி சர்வேக்கள் ஏஜென்ட்களின் அபிப்பிராயங்கள். தராசில் நிறுத்தவை இல்லை. வீடு வாங்குகிறவர்களிடம் நடத்தி 2015-ல் வெளியான ஓர் ஆய்வில், சுவர் நிறமும் மேஜை நாற்காலியும் அசிங்கமாக இருந்தால் வாழத் தோதான வீடா என்கிற எண்ணம் மாறியது. கொடுக்க நினைத்த விலை அவ்வளவாக மாறவில்லை. இதை வைத்துக்கொண்டு 2,800 டாலர் எடு என்று யாரிடம் சொல்வது? மார்க்கெட் சூடாக இருந்தால் வீடு தானே விற்கிறது, ஸ்டேஜிங் எதற்கு என்பார்கள். படுத்திருந்தால் கையில் பணம் ஏது என்பார்கள். இப்போது கம்ப்யூட்டரிலேயே காலி அறைக்குள் சோபா வரைந்து போட்டோ போடுகிறார்கள். செலவு குறைவு, முக்கியமாக யார் மனசும் நோகாது. நேரில் வந்து மொட்டைச் சுவரைப் பார்க்கிறவன் மனசைத் தவிர.

டெக்கில் அந்த அம்மாள் எழுந்திருக்கும்போது இன்னொன்று சொன்னார். ஹால் சுவரில், நுழைந்ததும் எதிரே, சந்தன மாலையோடு பெரிய படம். என் அண்ணி. "வர்றவங்க எல்லாரும் முதல்ல அந்தம்மாவைத்தான் பாக்கறாங்க. இந்த வீட்டுலயே இறந்துட்டாங்களான்னு ரெண்டு பேர் என்கிட்ட கேட்டாங்க. நான் எப்படி இதை அவர்கிட்ட சொல்லுவேன்? அது அவங்க அம்மா. அதுக்கு மேல அது மதமான்னு எனக்குத் தெரியாது." மதம், இனம் பற்றி வாய் தவறினாலே அந்த ஊரில் தொல்லை. வீட்டு விற்பனையில் பாரபட்சம் காட்டக்கூடாது என்று 1968-லேயே சட்டம் போட்டுவிட்டார்கள். என்னைப் பார்த்தபடி நின்றார். புரிந்துவிட்டது. எனக்குப் போடத்தான் ஒரு மணி நேரமாக இந்தப் பீடிகை. ஒளித்து வைத்த கேமரா நான்தான்.

ராத்திரி சாப்பாட்டின்போது சொன்னேன். அண்ணன் மகன் தட்டைப் பார்த்தான். அவன் மனைவிதான், "அத்தை படத்தையா மாமா கழட்டச் சொல்றீங்க?" என்று எழுந்து போய்விட்டாள். இரண்டு நாள் என்னோடு பேச்சில்லை. அந்த ஏஜென்ட் அம்மாளோடு எல்லாரும் வழக்கம்போலச் சுமுகம்.

மூன்றாம் நாள் அவளே படத்தைக் கழற்றித் துடைத்து, பழைய பட்டுப் புடவையில் சுற்றினாள். ஞாயிற்றுக்கிழமைகளில் அண்ணி காரில் எங்களோடு வந்தார். திங்கட்கிழமை மறுபடி சுவரில். மற்றபடி ஸ்டேஜிங் ஆள் வரவில்லை, பெயின்ட்டும் அடிக்கவில்லை. அக்டோபரில் 15,000 டாலர் குறைத்து வீட்டைக் கொடுத்தான். அந்த 2,800-ஐச் செலவழித்திருந்தால் 15,000 தப்பியிருக்குமா? 2009-ல் அதை யாரும் சத்தியம் பண்ணிச் சொல்லமுடியாது. மூன்றாவதாக வந்தவள் எழுதிய தாள் மட்டும் பிரிட்ஜ் மேல் ஒரு காந்தத்தில் கடைசிவரை தொங்கிக்கொண்டிருந்தது.

'அமெரிக்கன் பியூட்டி' டிவிடி கிடைத்தால் அந்தக் காட்சியை மட்டும் ஒருமுறை போட்டுப் பாருங்கள். ஆனெட் பெனிங்குக்கு அந்த வருஷம் ஆஸ்கர் நாமினேஷனோடு சரி. பரிசு கெவின் ஸ்பேஸிக்குத்தான் போயிற்று. ஜன்னல் கண்ணாடியை அவர் துடைக்கிற வேகத்தைக் கவனியுங்கள்.