இசக்கிமுத்துவின் விண்ணப்பம்

2019 நவம்பர் கடைசி. எங்கள் பி.இ. பேட்ச் வாட்ஸப் குழுவில் ஒரு செய்தி சுற்றியது. கோவை மாநகராட்சியில் 549 துப்புரவுப் பணியாளர் இடங்களுக்கு நேர்காணல் நடக்கிறது, 7,000 பேர் வந்திருக்கிறார்கள், அதில் இன்ஜினியர்களும் பட்டதாரிகளும் நிறைய என்று. உடனே ஆரம்பித்துவிட்டார்கள். "டேய், நம்ம நிலைமையைப் பாருங்கடா", "அப்ரைசல் சரியா வரலைன்னா அடுத்து விளக்குமாறுதான்". சிரிக்கிற பொம்மைகள் வரிசையாக வந்தன. நானும் ஒன்று போட்டேன் என்பதை ஒத்துக்கொள்கிறேன்.

அரை மணி நேரம் கழித்து ஒரு நண்பன் எழுதினான்: "எங்கப்பாவுக்கு அதுல பர்மனென்ட் ஆக எட்டு வருஷம் ஆச்சு." அவ்வளவுதான். யாரும் பதில் போடவில்லை. அவன் அப்பா என்ன வேலை செய்தார் என்று நாலு வருஷம் ஒரே ஹாஸ்டலில் இருந்தும் எங்களுக்குத் தெரியாது. கேட்டதும் இல்லை. கொஞ்ச நேரத்தில் யாரோ கிரிக்கெட் ஸ்கோர் போட்டார்கள், பேச்சு மாறிவிட்டது.

அன்றைக்கு ராத்திரிதான் தகழி சிவசங்கரப் பிள்ளையின் 'தோட்டியின் மகன்' நாவலை இரண்டாவது முறையாக எடுத்தேன். போன மாதம் மூன்றாவது முறை படித்தேன். அதைப் பற்றித்தான் இந்தக் குறிப்பு.

நாவல் மலையாளத்தில் 1947-ல் வந்தது. சுந்தர ராமசாமி தன் இளம் வயதில், 1950-களில் தமிழாக்கினார். காலச்சுவடு 2000-ல் நூலாகக் கொண்டுவந்தது. ஆலப்புழை நகராட்சியில் மலம் அள்ளும் மூன்று தலைமுறையின் கதை: இசக்கிமுத்து, அவன் மகன் சுடலைமுத்து, சுடலைமுத்துவின் மகன் மோகன். பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம். பெயர்களே சொல்லிவிடும்.

இந்த நாவலைப் பற்றிப் பேசுகிறவர்கள் பொதுவாக மலம் அள்ளும் கொடுமையைச் சித்தரித்த நாவல் என்று சொல்லி முடித்துக்கொள்கிறார்கள். அது தப்பில்லை, ஆனால் பாதிதான். மூன்றாவது வாசிப்பில் எனக்குத் தட்டுப்பட்டது வேறு. இது வேலை கேட்பதைப் பற்றிய நாவல். யார் கேட்கலாம், யாரிடம் கேட்க வேண்டும், கேட்டால் என்ன கிடைக்கும் என்பதைப் பற்றியது.

தொடக்கத்தைப் பாருங்கள். இசக்கிமுத்து நோயில் விழுகிறான். அவன் கவலை உடம்பைப் பற்றி இல்லை, வேலை கைவிட்டுப் போய்விடக்கூடாது என்பதுதான். ஓவர்சியரிடம் போய் அந்த வாளியும் மண்வெட்டியும் தன் மகனுக்கே வரவேண்டும் என்று கெஞ்சுகிறான். யோசித்துப் பார்த்தால் விசித்திரமான காட்சி. உலகத்தில் வேறு யாருமே விரும்பாத வேலை. அதற்கும் சிபாரிசு, தயவு, அது கிடைக்காமல் போகுமோ என்ற பயம். நாம் இன்றைக்கு 'வாரிசு வேலை' என்கிறோமே, அதன் முதல் விண்ணப்பம் இதுதான் என்று எனக்குத் தோன்றியது. காகிதம் இல்லை, கையெழுத்து இல்லை, ரசீது இல்லை. ஓவர்சியரின் மனசுதான் எல்லாம்.

இரண்டாவது விண்ணப்பம் சுடலைமுத்துவுடையது. மகன் தோட்டியாகக்கூடாது என்பது அவன் வைராக்கியம். மோகன் என்று பெயர் வைத்ததற்கே ஊர் சிரிக்கிறது. பள்ளிக்கூடத்தில் சேர்க்க அலைகிறான். இங்கே தகழி நுட்பமாக ஒன்றைக் காட்டுகிறார்: உள்ளே வரச் சொல்லிக் கெஞ்ச வைக்கிற ஓவர்சியரும், வெளியே போகவிடாத பள்ளிக்கூடமும் ஒரே சங்கிலியின் இரண்டு முனை. தோட்டி வேலைக்குள் நுழைய அவனுக்குத் தடை குறைவு. அதிலிருந்து வெளியேறத்தான் நூறு கையெழுத்து வேண்டும்.

மூன்றாவது தலைமுறையில் விண்ணப்பமே இல்லை. அப்பன் காலராவில் போனபின் மோகன் கையில் வாளி தானாக வந்து சேர்கிறது. கேட்காமலே கிடைத்த ஒரே அரசு வேலை!

தகழி வக்கீல் தொழில் செய்தவர் என்பது இங்கே முக்கியம் என்று நினைக்கிறேன். யார் யாருக்கு என்ன கொடுத்தார், எதற்குச் சாட்சி இருக்கிறது, எதற்கு இல்லை என்று பார்க்கிற கண் அவருடையது. சுடலைமுத்து வயிற்றைக் கட்டிச் சேர்த்த பணத்தை நகராட்சித் தலைவரிடம் நம்பிக் கொடுத்து வைக்கிறான். அந்த நம்பிக்கைக்காகச் சங்கம் கட்டப் பார்க்கும் சக தொழிலாளிகளையே காட்டிக்கொடுக்கிறான். கடைசியில் பணமும் போகிறது. நாவலின் உச்சம் இதுதான் என்பேன். தனி ஒருவனாகத் தப்பித்துவிடலாம் என்று நினைக்கிறவன் என்ன விலை கொடுப்பான் என்பதை, அவனை வில்லனாக்காமல், நமக்கு அவன்மேல் இருக்கும் பரிவும் குறையாமல் எழுதியிருக்கிறார். ஐடி கம்பெனியில் இருபது வருஷம் இருந்தவனுக்கு சுடலைமுத்துவைத் தெரியாமல் இருக்க முடியாது. அவன் நம்மில் பலர்.

குறையையும் சொல்ல வேண்டும். மோகன் வளர்ந்தபின் நாவல் ஓட ஆரம்பிக்கிறது. தலைவரின் மாளிகைக்குத் தீ, ஊர்வலம், போராட்டம் என்று முடிவை நோக்கிப் பாய்கிறது. முற்பகுதியில் ஒவ்வொரு காசையும் எண்ணி எழுதிய கை, கடைசியில் கோஷத்திடம் பேனாவைக் கொடுத்துவிட்டது. ஆத்திரம் நியாயம்தான், ஆனால் சுடலைமுத்துவை ஏமாற்றியது ஒரு தலைவர் மட்டும் இல்லையே, பதிவேடே இல்லாத ஒரு ஏற்பாடு. மாளிகை எரிந்தால் ஏற்பாடு எரியாது. அடுத்து, வள்ளி. மனைவியாக, தாயாக அவள் உயிரோடு இருக்கிறாள்; ஆனால் அவளுக்கென்று ஒரு கேள்வி நாவலில் இல்லை. இன்றைக்கு மதுரையில் காலை ஆறு மணிக்கு எந்தத் தெருவில் நின்று பார்த்தாலும் பெருக்குகிறவர்களில் பெண்கள் எத்தனை பேர் என்று தெரியும். அவர்கள் 'தோட்டியின் மகன்' என்ற தலைப்புக்குள் எங்கே வருகிறார்கள்?

சரி, மறுபடியும் 2019.

அந்தச் செய்தியையும் ஒரு பிரதியாக எடுத்துப் படித்துப் பார்த்தேன். தலைப்பில் இன்ஜினியர். முதல் பத்தியில் இன்ஜினியர். ஆரம்பச் சம்பளம் 15,700 ரூபாய், தனியார் கம்பெனியில் 6,000, 7,000-க்குப் பன்னிரண்டு மணி நேர வேலை என்ற விளக்கம். ஓரமாக ஒரு வரி: பத்து வருஷமாக ஒப்பந்தத்தில் இதே வேலையைச் செய்துகொண்டிருப்பவர்களும் நிரந்தர வேலைக்காக அந்த வரிசையில் நின்றார்கள். உண்மையில் செய்தி இதுதான். ஏற்கெனவே செய்துகொண்டிருக்கும் வேலைக்கே ஒருவர் விண்ணப்பம் போட்டு, சான்றிதழோடு வரிசையில் நிற்க வேண்டியிருக்கிறது. அதே வருஷம் பிப்ரவரியில் சட்டமன்றச் செயலகத்தின் 14 இடங்களுக்கு 4,607 விண்ணப்பம் வந்தபோதும் தலைப்பு எம்.பி.ஏ.க்களைப் பற்றித்தான்.

இந்தத் தலைப்புகளுக்குள் ஒரு கணக்கு ஒளிந்திருக்கிறது. படித்தவன் இந்த வேலைக்கு வருவது அவமானம் என்றால், தலைமுறையாக இதைச் செய்கிறவனுக்கு இது அவமானம் இல்லை என்று அர்த்தம் ஆகிறது. எங்கள் குழுவில் விழுந்த சிரிப்புக்கும் அதுதான் பொருள். நண்பனின் ஒற்றை வரி அதைத்தான் திருப்பி அடித்தது.

இதற்கு எதிர்வாதம் உண்டு, வலுவானதுதான். யார் வேண்டுமானாலும் விண்ணப்பிக்கலாம் என்றால் சாதிக்கும் இந்த வேலைக்கும் உள்ள முடிச்சு அவிழும் அல்லவா? எல்லாச் சாதியும் விளக்குமாறு எடுக்கட்டுமே? காகிதத்தில் நானும் கை தட்டுவேன். ஆனால் நடந்தது வேறு. கோவையில் அப்படி வேலைக்கு வந்தவர்களில் பிற சாதியைச் சேர்ந்த சிலர் தெருவுக்கு வராமல் அலுவலக மேசைக்கு மாறிக்கொண்டார்கள் என்று பிறகு புகார்கள் எழுந்தன. நிரந்தரச் சம்பளம் பொதுவானது, விளக்குமாறு மட்டும் பழைய கைகளிலேயே. மதுரையைச் சேர்ந்த திவ்யபாரதியின் 'கக்கூஸ்' ஆவணப்படத்தை (2017) பார்த்தவர்களுக்கு அந்தக் கைகள் யாருடையவை என்று சொல்லத் தேவையில்லை.

படித்தவனைத் தடுத்துவிட்டால் சரியாகுமா? 2020 நவம்பரில் உச்ச நீதிமன்றம் ஒரு வங்கிப் பியூன் வேலை வழக்கில், பட்டதாரிகள் விண்ணப்பிக்கக்கூடாது என்று விளம்பரத்தில் சொல்லியிருந்தால் அது செல்லும், பட்டத்தை மறைத்து வேலை வாங்கியது தவறு என்று தீர்ப்பளித்தது. அதையும் பொதுவழியாக்க எனக்கு மனமில்லை. தோட்டி மகன் பட்டம் படித்திருந்தால் அப்பனின் நிரந்தர வேலைக்கும் தகுதி இழப்பான் என்றால் சுடலைமுத்துவை இரண்டாம் முறை ஏமாற்றியதாகும்.

வாரிசு வேலையும் நாம் நினைக்கிற மாதிரி சொத்து இல்லை. கருணை அடிப்படை வேலை உரிமை அல்ல, குடும்பத்தலைவர் இறந்ததும் குடும்பம் நடுத்தெருவுக்கு வராமல் தாங்குகிற விதிவிலக்கு மட்டுமே என்று உச்ச நீதிமன்றம் 1994-லேயே சொல்லிவிட்டது. நம் மாநிலத்தில் இறந்த மூன்று வருஷத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும். ஆனால் இதற்கெல்லாம் முதல் நிபந்தனை, இறந்தவர் அரசுப் பதிவேட்டில் இருந்திருக்க வேண்டும் என்பது. ஒப்பந்தத்தில் இருபது வருஷம் பெருக்கி இறந்தவரின் மகளுக்கு இந்த வழி கிடையாது.

இங்கேதான் நாவல் 1947-ஐ விட்டு நம் ஊருக்கு வருகிறது. மதுரை 1866-ல் நகராட்சி, 1971-ல் மாநகராட்சி. இன்று நூறு வார்டு. தல்லாகுளத்தில் அறிஞர் அண்ணா மாளிகை. 2020-ல் துப்புரவுப் பணியாளர் என்ற பெயர் தூய்மைப் பணியாளர் என்று மாறியது. 2022 அக்டோபரில் வந்த 152-ம் எண் அரசாணை, சென்னை நீங்கலான மாநகராட்சிகளுக்கு நிரந்தரப் பணியிடங்களை வரையறுத்து, தூய்மைப் பணி போன்றவற்றை வெளிமுகமைக்கு விட வழி செய்தது. மதுரையிலும் சங்கங்கள் எதிர்த்தன. பெயர் உயர்ந்த சூட்டோடு பதவி மறைகிறது.

வெளிமுகமை என்றால் நடைமுறையில் என்ன? எங்கள் ஆபீசில் வெண்டர் மூலம் வருகிறவர்களுக்கு அடையாள அட்டையின் நாடா வேறு கலர். அதே கோட், அதே ராத்திரி சப்போர்ட். பண்டிகை டப்பா மட்டும் கிடையாது. எங்களுக்கு அது சங்கடம், அவ்வளவுதான். வேறு கம்பெனிக்குத் தாவிவிடலாம். தெருவில் நிற்பவருக்கு, விண்ணப்பம் போடுகிற ஜன்னலே மூடிப்போகிறது. விளம்பரம் இல்லை, இடஒதுக்கீட்டுச் சுழற்சி இல்லை, மேல்முறையீடு இல்லை. ஒப்பந்ததாரரின் சூப்பர்வைசர் நாளைக்கு வா என்றால் வேலை, வராதே என்றால் இல்லை. அதாவது ஓவர்சியர் திரும்பி வந்துவிட்டார். இசக்கிமுத்து நின்ற இடத்தில்தான் மறுபடி நிற்கிறோம்.

அதனால்தான் தகழியின் முடிவைவிட அவர் தொடக்கம் எனக்குப் பெரிதாகப் படுகிறது. தீ வைக்கிற மோகனைவிட, கெஞ்சுகிற இசக்கிமுத்து நம் காலத்தை அதிகம் சொல்கிறான். ஒரு நல்ல விண்ணப்பப் படிவம், வரிசை எண் போட்ட பட்டியல், ஏன் இல்லை என்று எழுத்தில் ஒரு பதில். இதெல்லாம் சலிப்பான சமாச்சாரம், நாவலுக்கு ஆகாது. ஆனால் அது இல்லாத இடத்தில் தயவு உட்கார்ந்துவிடுகிறது.

போன மாதம் நண்பனுக்குப் போன் போட்டேன். ஆறு வருஷம் தாமதமாக மன்னிப்பு கேட்கலாம் என்று. "அதை விடுடா," என்றான். பிறகு அவனே சொன்னான்: பர்மனென்ட் ஆர்டர் வந்த அன்றைக்கு அப்பா அதை வீட்டுக்குக் கொண்டுவரவில்லையாம், நேராக ஜெராக்ஸ் கடைக்குப் போய் நாலு காப்பி எடுத்தாராம். ஒன்று பெட்டியில், ஒன்று தாய்மாமா வீட்டில், ஒன்று சங்க ஆபீசில். நாலாவது இன்னும் அவனிடம் இருக்கிறதாம்.