வெண்புல்லும் கரிநிலமும்

புளியறை வயல்வெளியில் நின்று ஆரியங்காவுக் கணவாயை நோக்குவோர் கண்ணில் முதலில் படுவது பச்சை. அதே வயலை அண்மை அகச்சிவப்புக் காமிராவில் எடுத்தாலோ, தூர்கட்டிய நெற்பயிர் உறைபனிபோல் வெளுத்துவிடும். வாய்க்கால் நீரும் தெளிந்த வானமும் கருத்துவிடும். இத்தகைய படங்களை வியக்கும் வழக்கம் இன்று பெருகியுள்ளது. நாமும் வியக்கிறோம், எனினும் எதனை வியக்கிறோம் என்று கேட்டுக்கொள்வது நன்று.

ராபர்ட் உட் என்னும் அமெரிக்க இயற்பியலறிஞர் 1910-லேயே இவ்வகை நிலக்காட்சிகளை வெளியிட்டார். வெண்மையில் மாயம் ஒன்றுமில்லை. பச்சையம் சிவப்பொளியை உண்கிறது. 700 நானோமீட்டருக்கு அப்பாலுள்ள ஒளியை உண்பதில்லை. இலையினுள் உள்ள உயிரணுக்களும் காற்றிடைவெளிகளும் அதனைச் சிதறடித்துத் திருப்பியனுப்புகின்றன. டிஜிட்டல் காமிராவின் சிலிக்கன் உணரி ஏறத்தாழ 1,100 நானோமீட்டர் வரை காணவல்லது. அதைத் தடுக்கவென்று தயாரிப்பாளர் வைத்த வடிகட்டியை நீக்கிவிட்டு, 720-க்கு மேற்பட்ட ஒளியை மட்டும் விடும் வடிகட்டியைப் பொருத்துகின்றனர். ஆக, அவ்வெண்மை பனியன்று, பசுமையின் அளவு. 1988-இல் ஏவப்பட்ட நமது ஐ.ஆர்.எஸ்.-1ஏ செயற்கைக்கோளும் இவ்வொளிப்பட்டையில் நிலத்தைப் பார்த்தது.

புல்வெளித் தீயைப் பதிவுசெய்ய இம்முறை பெரிதும் பொருந்தும். அமெரிக்காவின் கான்சஸ் மாநிலத்துக் கான்சா புல்வெளியில், ஆய்வுக்கென ஒரு பகுதியை ஆண்டுதோறும், வேறொன்றை 4 ஆண்டுக்கு ஒருமுறை, பிறிதொன்றை 20 ஆண்டுக்கு ஒருமுறை எரிக்கின்றனர். எரிந்த நிலம் படத்தில் கரியாக நிற்க, தளிர்த்த புல் வெளுத்து ஒளிரும். கண் தவறவிடுவதைக் காமிரா சொல்லிவிடுகிறது.

குறை வேறிடத்தில் உள்ளது. அகச்சிவப்பு மெல்லிய புகையை ஊடுருவும். புகை விலகிய படத்தில் மலை தெளிகிறது. புகையில் மூச்சுத்திணறியவர் மறைந்துபோகிறார். நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் கோடைக்கு முன்பே தீத்தடுப்புக் கோடு வெட்டிச் சருகை எரித்து ஒதுக்குவோரும், தீப்பிடித்தபின் பச்சைத்தழையால் அடித்தணைப்போரும் அப்புகையில் நிற்பவர்களே. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டத்துக் குரங்கணி மலைச்சரிவில் பரவிய தீ, மலையேறச் சென்றவர்களில் 20-க்கும் மேற்பட்டோரைப் பலிகொண்டது. மழைக்குப்பின் அத்தகைய சரிவும் அகச்சிவப்பில் எழிலாகவே விளங்கும். அதற்குக் ‘கனவுலகம்’ என்று தலைப்பிட்டுச் சுவரில் மாட்டுவது நமக்கு உடன்பாடன்று.

இடம், நாள், எரிந்த காலம் ஆகியவையேனும் படத்தின்கீழ் இருத்தல் வேண்டும். புளியறை வயலை எடுப்பவரும் அறுவடைக்கு முன்னா பின்னா என்று எழுதட்டும். அறுத்த தாள் பச்சை நெல்லளவு ஒளிராது.