ஒரே தளத்தில் இரண்டு கவைகள்

மொறிஸ் மைனரின் அடிப்பக்கத்தைக் குனிந்து பார்ப்பவர்கள் குறைவு. உருண்ட போனெட்டையும் வட்ட விளக்குகளையும் ரசித்துவிட்டுப் போய்விடுவார்கள். எனக்கு அந்தக் காரில் ஆகப் பிடித்தது அடியிலே கிடக்கும் புரொப்பலர் சாப்ட்தான். முன்னே கியர் பொக்ஸ், பின்னே டிபரன்ஷல், இடையில் ஓர் இரும்புக் குழாய், அதன் இரு நுனியிலும் ஒவ்வொரு யூனிவேர்சல் ஜொயின்ட். பொருள் அவ்வளவுதான். ஒழுங்காக ஓடும்வரை அது இருப்பதே தெரியாது. நடுங்கத் தொடங்கும்போதுதான் அதற்குள் எவ்வளவு நுட்பம் கிடக்கிறது என்று தெரிய வரும்.

மட்டக்களப்பிலிருந்து கல்முனை வீதியில் தெற்கே போகிறவர்களுக்கு இந்த நடுக்கம் எங்கே வரும் என்பது பழக்கம். கல்லடிப் பாலத்திலும் காத்தான்குடிப் பேரீச்சை மரங்களுக்கு நடுவிலும் கார் ஊர்ந்துதான் போகும், ஒன்றும் தெரியாது. ஆரையம்பதியைத் தாண்டித் தாழங்குடாப் பக்கம் வீதி திறந்ததும் வேகம் 60 கிலோமீற்றரைத் தொடும். அப்போது கியர்த் தடியின் நுனியில் ஓர் அதிர்வு ஏறும். பின்பார்வைக் கண்ணாடியில் தெரியும் தென்னைகளின் ஓரம் கலங்கும். 70இல் சில வேளை அடங்கிவிடும். 80இல் திரும்பவும் வரும்.

அதிர்வு எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்கும் முறையைத்தான் முதலில் பாராட்ட வேண்டும். 60இல் மைனரின் சில்லு ஒரு செக்கனுக்கு ஒன்பது தரம் அளவில் சுற்றுகிறது. டிபரன்ஷலின் விகிதம் நாலுக்குச் சற்று மேலே; 1098 சி.சி. எஞ்சின் உள்ள வண்டியில் 4.22. ஆகவே சாப்ட் செக்கனுக்கு முப்பத்தெட்டு தரம் சுற்றும். சில்லின் பிழை ஸ்டியரிங்கில் தட்டித் தட்டி வரும். சாப்ட்டின் பிழை இருக்கைக்கு அடியில் ரீங்காரமாக வரும். ஆனால் நாலாம் கியரில் எஞ்சினும் சாப்டும் ஒரே வேகத்தில் சுற்றுவதால் இந்த இரண்டையும் காதால் பிரிக்க முடியாது. அதற்கு ஒரு வழி இருக்கிறது. அதே 60இல் மூன்றாம் கியருக்கு மாற்றினால் எஞ்சின் வேகம் கூடும், சாப்ட்டின் வேகம் கூடாது. நடுக்கம் மாறாமல் அப்படியே இருந்தால் குற்றம் சாப்ட்டில். பிறகு கியரை நியூட்ரலில் விட்டு உருளவிட்டாலும் அது போகாவிட்டால் சந்தேகமே இல்லை.

ஆரையம்பதியில் வாவிக்கரைப் பக்கம் ஒரு தகரக் கொட்டிலில் வேலை செய்யும் மெக்கானிக் அண்ணன் என் வண்டியில் செய்தது இதைத்தான். ஸ்பனர் எதையும் தொடவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, உள்ளங்கையைத் தரையின் நடுமேட்டில் வைத்துக்கொண்டு, கியரை மாற்றச் சொன்னார். திரும்பி வரும் வழியில், “எஞ்சினுமில்ல தம்பி, சில்லுமில்ல. சாப்ட்டுதான். கழட்டினாத் தெரியும்” என்றார்.

கழற்றுவதற்கு முன் அவர் செய்த சிறு வேலை ஒன்றை நான் வெகுநேரம் நினைத்துக்கொண்டிருந்தேன். டிபரன்ஷலின் தட்டும் சாப்ட்டின் தட்டும் நாலு போல்ட்டால் பூட்டப்பட்டவை. இரண்டுக்கும் குறுக்கே வெள்ளைப் பெயின்ற்றால் ஒரு கோடு கீறினார். பிறகுதான் போல்ட்டில் கை வைத்தார். குழாயும் தட்டும் ஒன்றாகச் சுற்றிப் பழகிய நிலை ஒன்று உண்டு. பூட்டும்போது அது அரைவட்டம் மாறினாலே இல்லாத நடுக்கம் சில வண்டிகளில் வந்துவிடும். இருக்கும் நடுக்கத்தைக் குறைக்கவும் அதே அரைவட்டத்தைத் திருப்பிப் பார்ப்பதுண்டு. எது எந்த நிலையில் இருந்தது என்பது தெரிந்தால்தான் இரண்டும் செய்யலாம்.

சாப்ட் வெளியே வந்ததும் ஜொயின்ட்டின் கிண்ணத்து விளிம்பில் குங்குமம் போல ஒரு செம்பொடி ஒட்டியிருந்தது. கிறீஸ் வற்றி இரும்போடு இரும்பு உராய்ந்து துருவாய் உதிர்ந்த பொடி அது. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி என்று கிடக்கும் இந்த மணல் நிலத்தில் உப்புக் காற்றுக்கு வேலை அதிகம். கிண்ணத்தைப் பிடித்திருக்கும் சேர்க்ளிப் வளையத்தை எடுத்து, கிண்ணத்தைத் தட்டி இறக்கி, உள்ளே உள்ள சிலுவைத் துண்டைக் கையில் தந்தார். அதன் காலில் நகத்தை ஓட்டினால் பள்ளம் பள்ளமாகத் தட்டுப்பட்டது, எல்லாம் நேர்வரிசையில். ஊசி உருளைகள் ஒரே இடத்தில் கிடந்து பதித்த வரிகள். காணக்கூட முடியாத ஆழந்தான். ஆனால் அந்த அளவு ஆட்டம் குழாயை மையத்திலிருந்து விலக்கப் போதும். குழாயின் ஒரு பக்கத்தில் 10 கிராம் கூடினால் 60 கிலோமீற்றர் வேகத்தில் அது ஒன்றரைக் கிலோ அளவுக்கு வெளியே இழுக்கும். வேகம் இரண்டு மடங்கானால் இழுவை நாலு மடங்கு. புதுச் சாப்ட்டின் மேல் சின்னஞ்சிறு தகடு ஒன்று ஒட்டவைக்கப்பட்டிருப்பது இதற்காகத்தான். சேறு சுரண்டும்போது அதையும் தட்டிவிட்டால் வண்டி அன்றிலிருந்து நடுங்கும்.

இனி, நான் இந்தச் சாப்ட்டை இவ்வளவு நேசிப்பதற்கான காரணத்துக்கு வருகிறேன். யூனிவேர்சல் ஜொயின்ட் குறையுள்ள கருவி. றொபேட் ஹூக் 1676இல் அதை விவரித்து எழுதினார். அதனால் இன்றும் அவர் பெயரால் அழைக்கிறார்கள். சாய்வில் சுற்றும்போது அது ஒரே சீராகச் சுற்றுவதில்லை. உள்ளே போகும் வேகம் சீராக இருந்தாலும், வெளியே வரும் வேகம் ஒவ்வொரு சுற்றுக்கும் இரண்டு தரம் கூடி இரண்டு தரம் குறைகிறது. சாய்வு 10 பாகையானால் அந்த ஏற்ற இறக்கம் ஒவ்வொரு பக்கமும் ஒன்றரை வீதம். மைனரில் சாய்வு இதைவிடச் சிறிது. ஆனால் செக்கனுக்கு முப்பத்தெட்டுச் சுற்றில் அதுவும் உடம்புக்குத் தெரியும். இந்தக் குறையை எடுத்துவிட எந்த வழியும் அந்த ஜொயின்ட்டுக்குள் இல்லை. ஆகவே இன்னொரு ஜொயின்ட்டைப் போட்டார்கள். சிலுவையைப் பிடிக்கும் கவைகள் குழாயின் இரு நுனியிலும் ஒரே தளத்தில் நிற்க, இரு பக்கச் சாய்வும் சமமாக இருந்தால், முன்னது எங்கே வேகத்தைக் கூட்டுகிறதோ அங்கே பின்னது குறைக்கும். நடுக்குழாய் மட்டும் தடுமாறித் தடுமாறிச் சுற்றும்; சில்லுக்குப் போவது சீரான சுற்று. பிழையைப் பிழையால் கழித்துவிட்டார்கள்! இயந்திரங்களில் இதைவிட அழகான கணக்கை நான் கண்டதில்லை.

அழகு சமநிலையில் இருக்கிறது. அது கெடுவதும் அங்கேதான். நடுவில் பல்லிட்டு நீளும் சாப்ட் உள்ள பழைய லான்ட்றோவர்களில், பிரித்துப் பூட்டும்போது ஒரு பல் மாறினால் இரண்டு கவைகளும் தளம் மாறிவிடும். பிழை கழியாமல் கூடும். அதற்காகவே இரு துண்டிலும் அம்புக்குறி பொறித்திருப்பார்கள். மைனரில் வழுக்கும் பல் கியர் பொக்ஸின் வாலுக்குள் இருப்பதால் கவைகளின் தளம் மாறாது. ஆனால் கியர் பொக்ஸைத் தாங்கும் றப்பர் நைந்தாலோ பின்பக்க வில்லுத் தகடுகள் தொய்ந்தாலோ இரண்டு சாய்வும் சமமாயிராது. புது ஜொயின்ட் போட்டும் நடுக்கம் போகவில்லை என்பவர்கள் அங்கேதான் பார்க்க வேண்டும்.

புது ஜொயின்ட்டைப் பூட்டிய பிறகு அண்ணன் கவையின் காதில் செப்புச் சுத்தியலால் மெல்ல இரண்டு தட்டுத் தட்டினார். இறுகிக் கிடந்த கிண்ணங்கள் சேர்க்ளிப்பில் போய் அமர்ந்தன. ஒரு விரலால் சிலுவையை ஆட்டிப் பார்த்தார். எங்கும் பிடிக்காமல், எங்கும் லொடலொடக்காமல் அது அசைந்தது. கிறீஸ் துப்பாக்கியை வைத்து நாலு வாயிலும் கிறீஸ் எட்டிப் பார்க்கும்வரை அடித்தார். மூன்றில் வந்து ஒன்றில் வராவிட்டால் அந்த ஒன்றுதான் முதலில் தேயும்.

அண்ணனின் கை இப்படிப் பழகியதற்குக் காரணம் உண்டு. அலெக் இஸிகோனிஸ் வரைந்த மைனர் 1948 ஒக்ரோபரில் இலண்டனில் அறிமுகமானது. இலங்கையில் இறக்குமதிக் கட்டுப்பாட்டுக் காலத்தில், 1977இல் அது திறந்துவிடப்படும்வரை, புதுக் கார் எளிதில் கிடைக்கவில்லை. இருந்ததைப் பழுதுபார்த்தே ஓட்டினார்கள். போர்க்காலத்தில் யாழ்ப்பாணத்தில் மைனர்களும் ஒஸ்ரின் கேம்பிரிஜ்களும் மண்ணெண்ணெயில் ஓடின. 1990களில் இங்கிலாந்தின் பாத் நகரத்துச் சார்ல்ஸ் வெயார் மைனருக்கான பாகங்களை இலங்கையிலேயே செய்வித்தார். இந்நாட்டு மெக்கானிக்குகளின் கைகளுக்கு அவ்வளவு பழக்கம் உண்டு.

பழைய காரை வைத்திருப்பவர்களிடம் ஒன்று கேட்கிறேன். சாப்ட்டில் வேலைக்கு விடும்போது புது ஜொயின்ட் வாங்கிக் கொடுத்துவிட்டு வெளியே போய்விடாதீர்கள். போல்ட்டைக் கழற்றுமுன் இரண்டு தட்டுக்கும் குறுக்கே கோடு கீறப்படுகிறதா என்று பக்கத்தில் நின்று பாருங்கள். கீறுகிற மெக்கானிக் கிடைத்தால் அவரை விட்டுவிடாதீர்கள். அவரிடம் வேலை பழகும் பையனுக்கும் கை நிறையக் கொடுங்கள்.