ரிப்ளியின் மறுப்பு

விண்வெளிச் சாகசக் கதைகளின் நாயகன் பெரும்பாலும் விதியை மீறத் துணிந்தவனாகவே வருகிறான். 1977இல் வெளியான 'ஸ்டார் வார்ஸ்' படத்தின் உச்சக்கட்டத்தில் லூக் ஸ்கைவாக்கர் குறிபார்க்கும் கணினியை அணைத்துவிட்டு உள்ளுணர்வை நம்பிச் சுடும்போது, பல பண்பாடுகளின் கதைகளில் மீண்டும் மீண்டும் தோன்றும் மூலவடிவமான தொல்படிமம், அதாவது ஜோசஃப் கேம்பல் 1949இல் தம் நூலில் வகுத்துக் காட்டிய வீரனின் பயணம், ஏறத்தாழ மாற்றமின்றித் திரையேறியது. அதே ட்வென்டியத் செஞ்சுரி ஃபாக்ஸ் நிறுவனம் 1979இல் வெளியிட்ட ரிட்லி ஸ்காட்டின் 'ஏலியன்' இப்படிமத்தைக் கவிழ்த்துப் போட்டது. அதில் திரைக்கதைக்கு நிகரான பங்கு, அன்று பரவலாக அறியப்படாத சிகர்னி வீவரின் நடிப்புக்கு உண்டு.

முகத்தைக் கவ்விய அந்நிய உயிரியோடு சக பணியாளர் கேனைச் சுமந்துவரும் கேப்டன் டல்லாஸ் கப்பலின் கதவைத் திறக்கச் சொல்ல, தொற்று பரவாதிருக்க 24 மணி நேரம் தனிமைப்படுத்த வேண்டும் என்று வீவர் ஏற்ற பாத்திரமான ரிப்ளி மறுக்கிறார். வழக்கமான சாகசக் கதையில் இவ்வாறு விதி பேசுபவர் நாயகனுக்குக் குறுக்கே நிற்கும் ஈரமற்ற அதிகாரியாகவே இருப்பார்; பரிவும் துணிவும் கொண்ட டல்லாஸே நாயகருக்குரிய இலக்கணமெல்லாம் உடையவர், பெயர்ப்பட்டியலிலும் டாம் ஸ்கெரிட்டே முதலில் வருகிறார். வீவரோ கண்ணீரையோ தயக்கத்தையோ காட்டிப் பார்வையாளரின் அனுதாபத்தைக் கோராமல், உத்தரவு கேட்டது என்பதையும் முடியாது என்பதையும் ஒரே சீரான குரலில் சொல்லி, வெறுக்கப்படும் அபாயத்தை ஏற்கிறார். கதவைத் திறந்துவிடும் சக பணியாளர் ஆஷ், கப்பலை இயக்கும் நிறுவனத்தின் இரகசிய ஆணைப்படி இயங்கும் இயந்திர மனிதன் என்பது பின்னர் தெரியவரும்போது, கருணையாகத் தோன்றிய செயலின் பொருளே மாறிவிடுகிறது. நாயகனின் இடத்தில் பெண்ணை வைத்ததே இப்படத்தின் புரட்சி என்று பலரும் எழுதியிருக்கிறார்கள். ஆனால் டான் ஓபானனின் திரைக்கதையே பாத்திரங்களை ஆணோ பெண்ணோ ஏற்கலாம் என்று குறித்திருந்தது. விதியைப் பேணும் எச்சரிக்கையை வீரமாக்கியதே பெரிய மீறல்.

இந்த வீரம் அச்சமின்மை அல்ல: இறுதிக் காட்சியில் விண்வெளி உடைக்குள் நுழையும் வீவர், மூச்சு உடைந்து உடைந்து ஒரு பழைய பாடலை முணுமுணுத்தபடி, அச்சம் சற்றும் தணியாத நிலையிலேயே அடுத்தடுத்த வேலைகளை முடிக்கிறார்.

இதன் தொடர்ச்சியான ஜேம்ஸ் கேமரூனின் 'ஏலியன்ஸ்' (1986) வீவருக்கு ஆஸ்கர் பரிந்துரையைப் பெற்றுத் தந்தது. நடிப்பில் குறையில்லை என்றாலும், சிறுமியைக் காக்கப் போரிடும் தாய் என்ற பாத்திரம் முதற்படம் உதறிய தொல்படிமங்களின் வரிசைக்கே ரிப்ளியைத் திருப்பி அனுப்பிவிட்டது.