பொதுவகத்துப் படங்களும் தானியங்கிகளும்: கடாரத்திலிருந்து ஒரு திறனாய்வு

திறனாய்வு என்றவுடன் கவிதையும் கதையும் நாடகமுமே நம் நினைவுக்கு வருகின்றன. ஆக்கியோன் பெயர் அறியப்பட்ட படைப்பையே ஆராய்ந்து பழகிவிட்டோம். ஆயின் நம் தோட்டப்புறங்களில் ஒரு காலத்தில் வழங்கிய தாலாட்டுக்கும் ஒப்பாரிக்கும் ஆக்கியோன் யார்? பலர் வாய்ப்பட்டு, பலர் கைப்பட்டு வளர்ந்த பொதுப் பொருள்கள் அவை. அவற்றை மதிப்பிடுவதற்கு நாம் தனி அளவுகோல்களை வகுத்துக்கொண்டோம். இன்று அத்தகைய பொதுப் பொருளொன்று கணிப்பொறி வழியே நம் வகுப்பறைக்குள் வந்து அமர்ந்திருக்கிறது. 2003ஆம் ஆண்டு செப்டம்பரில் தொடங்கி, 2017ஆம் ஆண்டில் ஓர் இலக்கம் கட்டுரைகளைத் தாண்டிய தமிழ் விக்கிப்பீடியாவையே குறிப்பிடுகின்றேன். அதன் கட்டுரைகளைப் பற்றிப் பலரும் பேசிவிட்டனர். அக்கட்டுரைகளுக்கு அணியாய் நிற்கும் பொதுப் படங்களையும், அவற்றை இடமறிந்து கொண்டுவந்து சேர்க்கும் தானியங்கிக் கருவிகளையும் பற்றிப் பேசினோர் மிகச் சிலரே.

இவ்வெண்ணம் எனக்கு எழுந்த இடம் சுங்கை பட்டாணி வட்டாரத்து வகுப்பறை ஒன்று. ரப்பர்த் தொழில் பற்றிய பாடத்திற்காக இணையத்திலிருந்து கட்டற்ற உரிமமுடைய படமொன்றை எடுத்து அச்சிட்டுச் சுவரில் ஒட்டியிருந்தேன். பேத்தியை அழைத்துச்செல்ல வந்த மூதாட்டி ஒருவர் அதனை நெடுநேரம் உற்று நோக்கினார். பின்பு, "சார், இது நம்ப ஊரு இல்லீங்களே. இதுல சிரட்டையில்ல கட்டியிருக்கு, மங்கு எங்க?" என்றார். அவர் சொன்னதே உண்மை. கேரளத்திலும் இலங்கையிலும் பாலேந்துவதற்குத் தேங்காய்ச் சிரட்டையைக் கட்டுவதுண்டு. நம் கெடா தோட்டங்களில் பெரும்பாலும் மண் மங்கும் கண்ணாடி மங்குமே மரத்தில் தொங்கின. முப்பது ஆண்டு மரம் வெட்டிய கண்ணுக்கு ஒரு நொடியில் தெரிந்தது, பாடம் நடத்திய எனக்குத் தெரியவில்லை.

இப்பிழை நேர்ந்த வழியை அறியவேண்டுமாயின், இப்படங்களின் வரலாற்றைச் சற்றே நோக்குதல் வேண்டும். தொடக்கத்தில் ஒவ்வொரு மொழி விக்கிப்பீடியாவும் தனக்கு வேண்டிய படங்களைத் தன்னிடமே வைத்துக்கொண்டது. ஒரே யானைப் படம் ஆங்கிலத்தில் ஒரு படி, செருமானியத்தில் ஒரு படி, தமிழில் ஒரு படியெனக் கிடந்தது. 2004ஆம் ஆண்டு செப்டம்பரில் விக்கிமீடியா பொதுவகம் தோன்றியது. ஓரிடத்தில் ஒருமுறை ஏற்றினால் எம்மொழியினரும் எடுத்தாளலாம் என்பது அதன் ஏற்பாடு. முன்னரே பல இடங்களில் சிதறிக்கிடந்த படங்களைப் பொதுவகத்திற்கு இடம்பெயர்க்கும் வேலை மனிதர் கைக்கு அடங்குவதாக இல்லை. அதற்கெனக் கருவிகள் எழுந்தன. விக்கிப்பீடியாவுக்கெனத் தொடக்க காலத்து மென்பொருளொன்றை எழுதிய செருமானிய அறிவியலாளர் மாக்னஸ் மான்ஸ்கே, இவ்விடப்பெயர்ப்புக்கும் கருவியொன்று செய்தளித்தார். 2023ஆம் ஆண்டில் பொதுவகத்துக் கோப்புகள் பத்துக் கோடியை எட்டின. படம் வாங்கப் பொருளில்லாத சிறுமொழியினர்க்கு இது பெருங்கொடை என்பதில் ஐயமில்லை. நம் தமிழ்ப்பள்ளி ஆசிரியர்கள் வண்ணப் படங்களை வெட்டி ஒட்டப் பழைய நாட்காட்டிகளைச் சேர்த்துவைத்த காலத்தை அறிந்தவன், இக்கொடையைக் குறைத்துப் பேசமாட்டேன்.

பொதுக்கலை தன் குற்றத்தைத் தானே திருத்திக்கொள்ளும் இயல்புடையது என்பதற்கு விக்கிப்பீடியாவின் சின்னமே சான்று. முற்றுப்பெறாத உருண்டை, அதன் துண்டுகளில் பல மொழி எழுத்துகள். 2003ஆம் ஆண்டில் போட்டி வைத்துத் தேர்ந்த வடிவத்தில் தேவநாகரி எழுத்தொன்றும் சப்பானிய எழுத்தொன்றும் பிழையாக இடம்பெற்றன. தேவநாகரியில் இகரக் குறி மெய்க்கு முன்னே நிற்றல் வேண்டும். அது பின்னே நின்றது. நம் மாணவன் 'கெ' என எழுதுங்கால் கொம்பைக் ககரத்துக்குப் பின்னே இட்டாற்போன்ற பிழை அது. உலகெலாம் பார்க்கும் சின்னத்தில் ஏழாண்டுக் காலம் அப்பிழை இருந்தது. 2010ஆம் ஆண்டில் உருண்டை புதிதாக வரையப்பட்டபோது திருத்தப்பட்டது. அப்புதிய உருண்டையில் தமிழின் 'வி'யும் இடம்பெற்றிருக்கக் காண்கிறோம். பிழையைக் கண்டு சொல்லும் மொழியினர் இருந்தமையாலேயே அத்திருத்தம் நேர்ந்தது. சொல்ல ஆளில்லாத பிழை அப்படியே நிற்கும். சிரட்டைப் படம் என் வகுப்பறைச் சுவரில் நின்றதும் அவ்வாறே.

இனித் தானியங்கிகளுக்கு வருவோம். ஓர் ஊரின் நெட்டாங்கும் அகலாங்கும் கொடுத்தால் போதும். வெற்று மலேசிய வரைபடத்தில் வார்ப்புரு ஒரு புள்ளியை வைத்துவிடும். பீடோங் எங்கே, கூலிம் எங்கே, பாலிங் எங்கே என்று யாரும் தனித்தனியே வரையவேண்டியதில்லை. ஒரு கட்டுரைக்குப் பிறமொழிகளில் இணையான கட்டுரைகள் எவை என்பதைக் காட்டும் பட்டியலை முன்னர் ஒவ்வொரு மொழியிலும் தானியங்கிகள் ஓயாது தைத்துக்கொண்டிருந்தன. 2012ஆம் ஆண்டில் விக்கித்தரவு தோன்றி, 2013ஆம் ஆண்டில் அவ்வேலையை ஓரிடத்துக்கு மாற்றிற்று. இப்பொழுது ஓர் ஊருக்குரிய படமும் அங்கிருந்தே பல மொழிப் பக்கங்களுக்கு வந்து அமரக்கூடும். பயன் பெரிது. ஆயின் விக்கித்தரவில் ஒரு தோட்டத்துக்கு வேறொரு தோட்டத்தின் படத்தை ஒருவர் மாற்றி இணைத்துவிட்டால், அப்பிழை ஒரே நாளில் பல மொழிகளுக்குப் பரவும். கையால் செய்த பிழை செய்த இடத்தோடு நின்றது. கருவியின் பிழைக்கு அவ்வரம்பில்லை.

பொதுவகத்தில் ஒரு படம் உரிமக் குறைவால் நீக்கப்படுமாயின், எல்லா மொழிப் பக்கங்களிலிருந்தும் அதன் இணைப்பை எடுத்துவிடும் தானியங்கியும் உண்டு. கட்டுரையில் படம் இருந்த இடம் சுவடின்றி மூடிக்கொள்ளும். ஏன் நீக்கினர் என்னும் குறிப்பு வரலாற்றுப் பக்கத்தில் இருக்கும். ஆனால் அப்பக்கத்தைத் திறந்து பார்க்கும் மாணவர் எத்தனை பேர்?

தானியங்கி படம் வைப்பதோடு நில்லாது உரைநடையும் எழுதும். நாவி என்னும் சந்திப்பிழை திருத்தியைத் தமிழாசிரியர் பலர் அறிவர். அதனை ஆக்கிய நீச்சல்காரனின் தானியங்கியே தமிழகத்து ஊராட்சிகளைப் பற்றி ஆயிரக்கணக்கான கட்டுரைகளைத் தமிழ் விக்கிப்பீடியாவில் உருவாக்கியது. இவ்வூராட்சி இம்மாவட்டத்தில் இவ்வொன்றியத்தில் அமைந்துள்ளது என்னும் ஒரே அச்சுத் தொடரில் ஊர்ப்பெயர் மட்டும் மாறி மாறி வரும். இதனை ஏளனம் செய்வார் உளர். நான் அவ்வாறு செய்யேன். தாலாட்டும் அச்சுத் தொடர்தான். குழந்தையின் பெயருக்கு அதில் ஓர் இடம் வெற்றாகவே விடப்பட்டிருக்கும். வேறுபாடு எங்கே எனின், தாலாட்டின் வெற்றிடத்தில் பெயரை வைப்பவள் அக்குழந்தையை அறிந்தவள். பெயரை வைத்ததோடு நில்லாது, மாமன் வாங்கிவந்த பொருளையும் அத்தை அடித்த கதையையும் சேர்த்துப் பாட்டை வளர்ப்பாள். தானியங்கி இட்டது தொட்டில் மட்டுமே. அதனை ஆட்டுவதற்கு ஊரார் வரவேண்டும். தமிழகத்து ஊராட்சிக்கு இன்றில்லாவிடினும் நாளை அவ்வூரான் ஒருவன் வருவான் என எதிர்பார்க்கலாம். நம் தோட்டங்களின் நிலை வேறு. ஊராரே கலைந்துவிட்டனர்.

ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. பல இடங்களில் அதுவும் போய் வீடமைப்புப் பகுதியும் தொழிற்பேட்டையும் வந்தன. லயத்து வீடுகள், ஆயாக் கொட்டகை, பிரட்டுக்களம், பால் கொட்டகை ஆகியவை இருந்த தடமே தெரியாத இடங்கள் கெடாவில் பல. கட்டடம் மறைந்தால் என்ன நேரும் என்பதைக் கடாரத்து மண் நன்கறியும். பூஜாங் பள்ளத்தாக்கின் சுங்கை பத்துவில் 11ஆம் எண்ணிட்ட பழங்கோயில் எச்சம் மேம்பாட்டு வேலைக்காகத் தகர்க்கப்பட்டமை 2013ஆம் ஆண்டு இறுதியில் வெளிப்பட்டது. ஆயிரமாண்டுப் பழமைக்கு எண்ணும் அகழாய்வுக் குறிப்பும் இருந்தன. ஆகவே அதன் இழப்பையாவது நாடறிந்தது. நம் லயங்களுக்கு எண்ணிட்டவர் யார்?

ஆகவே பொதுவகத்தைப் பற்றிய என் குறை, அதில் நம் படங்கள் இல்லை என்பது மட்டுமன்று. இருக்கும் படங்களுக்கும் நம் சொற்கள் இல்லை என்பதே பெருங்குறை. பொதுவகத்தின் பகுப்புகள் ஆங்கிலத்திலேயே அமைவன. மங்கும், உளியும், ஒட்டுப்பாலும், நிரையும் அங்கே வேற்றுமொழிப் பெயர் பூண்டு வரிசையில் நிற்கின்றன. பெயரிழந்த பொருளைத் தேடி எடுக்கும் தானியங்கி, சிரட்டைக்கும் மங்குக்கும் வேறுபாடு காண்பது எங்ஙனம்? இதற்கு ஒரு வழி 2019ஆம் ஆண்டில் திறந்தது. அவ்வாண்டு முதல் ஒவ்வொரு படத்துக்கும் அவரவர் மொழியில் சிறு விளக்கம் சேர்க்க இயலும். படம் எடுத்தவர்தாம் எழுதவேண்டும் என்னும் கட்டுப்பாடு இல்லை, எவரும் எழுதலாம். படத்தைப் படைத்தலுக்கு ஒளிப்படக் கருவி வேண்டும். பெயர் சொல்லுதற்கு ஒரு மூதாட்டியின் நினைவு போதும். இச்சிறு விளக்கத்தை நான் இலக்கியப் பணியாகவே கருதுகின்றேன். ஒரே தொடரில் பொருளும் இடமும் காலமும் பிழையின்றி அமையவேண்டும் என்பதால், கட்டுரைப் பாடத்துக்கு இதனினும் நல்ல பயிற்சி எனக்குத் தெரியவில்லை.

என் மாணவர்கள் சிலர் இவ்வேலையில் இறங்கினர். மங்குக்கும் உளிக்கும் விளக்கம் எழுதினர். அம்மூதாட்டியின் பேத்தி மட்டும் வேறொன்றைக் கொண்டுவந்தாள். தகரப் பெட்டியிலிருந்து எடுத்த பழைய கறுப்பு வெள்ளைப் படம். விடியற்காலையில் வாளியும் கையுமாக வரிசையில் நிற்கும் பெண்கள், எதிரே கணக்குப் புத்தகத்துடன் கிராணி. பொதுவகத்தில் ஏற்றவேண்டுமாயின் படமெடுத்தவர் இசைவு வேண்டும். யார் எடுத்தது என்று கேட்டோம். "தொர ஊட்டுக்கு வந்த யாரோ எடுத்துக் குடுத்தாங்க சார், பேருல்லாம் யாரு கேட்டா" என்றார் பாட்டி. உரிமையுடையார் இன்னாரெனத் தெரியாத படத்தை உலகுக்குப் பொதுவாக்க நமக்கு உரிமையில்லை, அவ்விதி நேர்மையானதே. ஆயினும் வரிசையில் நிற்கும் பதினான்கு பெண்களுள் ஒன்பதின்மரின் பெயரைப் பாட்டி சொன்னார். பேத்தி அவற்றை ஏட்டில் எழுதிக்கொண்டாள். படம் மீண்டும் பெட்டிக்குப் போயிற்று.